அச்சு, அகலம், நிறம்

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு 1749 முதல் மாதவாரியான கணக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்து வானியலாளர் ரூடால்ஃப் வுல்ஃப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தனக்கு முந்தைய வானியலாளர்களின் குறிப்புகளைத் தேடியெடுத்துக் கோத்த கணக்கு அது. அந்த எண்களை ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டு, கோட்டு வரைபடம் கேட்டுப் பாருங்கள். நெருக்கியடித்து நிற்கும் ஊசிகள்தான் திரையில் வரும். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறுகிறது, இறங்குகிறது என்பது தெரியும். அதற்குமேல் ஒன்றும் பிடிபடாது.

இனி படத்தின் உயரத்தைக் குறைத்து, அகலத்தை நன்றாக நீட்டுங்கள். எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் ஊசிகள் ரம்பப் பற்களாக விரிந்துவிடுகின்றன. ஒவ்வொரு பல்லும் இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சரிவாகவும் இருக்கிறது. கரும்புள்ளிகள் வேகமாகப் பெருகி, மெதுவாகக் குறைகின்றன. உச்சிக்கு ஏறச் சராசரியாக நாலு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல், இறங்க ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பெரிய சுழற்சிகளில் ஏற்றம் இன்னும் வேகம். சூரியனின் காந்தப்புலத்தைப் பற்றி யார் எந்தக் கோட்பாடு சொன்னாலும் இந்தச் சமச்சீரின்மைக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். இவ்வளவு முக்கியமான ஒரு பண்பு, படத்தின் நீள அகல விகிதம் மாறும்வரை கண்ணில் படாமலே இருக்க முடியும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லண்ட் 1980களில் இதற்குக் காரணம் தேடினார். இரண்டு சரிவுகளில் எது கூடுதல் என்று கண் ஒப்பிடும்போது, அவை 45 பாகையை ஒட்டி இருந்தால் தீர்ப்பு நன்றாக அமைகிறது. 85 பாகைக்கும் 88 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துச் சொல்வது கடினம்; இரண்டுமே செங்குத்தாகத் தெரியும். எனவே கோட்டின் துண்டுகள் சராசரியாக 45 பாகைச் சரிவில் விழும்படி சட்டத்தின் விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றார் அவர்.

மென்பொருளுக்கு இந்த அக்கறை இருக்க வழியில்லை. பைதான் மொழியில் படம் வரைய உலகெங்கும் பயன்படும் மேட்பிளாட்லிப், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், அங்குலத்துக்கு 100 புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கினால் 640க்கு 480. பழைய கணினித் திரைகளின் அளவு. முன்னூறு ஆண்டு சூரியக் கணக்கானாலும் மூன்று நிமிட இதயத் துடிப்பானாலும் அதே சட்டம்தான்.

வரைபட மென்பொருளின் அமைப்புப் பட்டியலை அலங்காரம் என்று நினைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எண்ணைச் சேகரிப்பதும் சரிபார்ப்பதும்தான் அறிவியல், அகலமும் அச்சும் நிறமும் கடைசியில் செய்யும் ஒப்பனை என்ற எண்ணம் அது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு அமைப்பும் தரவைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. நாம் தொடாமல் விட்டால், நம் தரவைப் பார்த்தேயிராத ஒருவர் என்றைக்கோ எடுத்த முடிவு நம் பெயரில் அச்சாகிறது. அந்த முடிவுகளை டீஃபால்ட் என்கிறோம்.

எக்செல் எடுக்கும் ஒரு முடிவைப் பார்க்கலாம். செங்குத்து அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதனிடம் ஒரு விதி உண்டு. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கும். குறைவாக இருந்தால், சிறிய எண்ணுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கும். மூன்று பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் 91, 94, 96 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5, 96இல் ஆறில் ஒரு பங்கு 16. விதிப்படி அச்சு 88ஐ ஒட்டித் தொடங்கிவிடும். முதல் பள்ளியின் பட்டை 3 அலகு உயரம், மூன்றாம் பள்ளியின் பட்டை 8 அலகு. உண்மையில் ஐந்து சதவீதப் புள்ளி வித்தியாசம். கண்ணுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் தெரிகிறது. பட்டை வரைபடத்தில் கண் நீளத்தை அளக்கிறது. பட்டையின் அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்குப் பொருளே இல்லை. ஆகவே பட்டை என்றால் பூஜ்யத்தில் தொடங்கியே தீர வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இதையே எல்லா வரைபடத்துக்கும் சட்டமாக்கினால் எதிர்த்திசையில் விழுவோம். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ இதழ், புவியின் சராசரி வெப்பநிலை 1880 முதல் எப்படி மாறியது என்று ஒரு படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டது. அச்சு பூஜ்யத்துக்கும் கீழே தொடங்கி 110 ஃபாரன்ஹீட் வரை போனது. கோடு ஏறக்குறைய படுத்துக் கிடந்தது. எண்களில் தவறில்லை. ஆனால் புவிச் சராசரி ஒருபோதும் தொட வாய்ப்பில்லாத எல்லைகளை அச்சில் வைத்தால், எந்தப் புவி வெப்பமும் சமதளமாகத்தான் தெரியும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35 டிகிரியை ஒட்டித் தொடங்கி 42இல் முடிந்துவிடுகிறது. அதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை அதே நீளத்தில் செய்தால் 39 டிகிரிக் காய்ச்சல் யாருக்கும் தெரியாது. கோட்டு வரைபடத்தில் கண் படிப்பது நீளத்தை அன்று, இடத்தையும் சரிவையும். அங்கே அச்சின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியது, இந்தத் துறையில் எவ்வளவு மாற்றம் பெரிய மாற்றம் என்ற அறிவு. அந்த அறிவு மென்பொருளிடம் இல்லை, வரைகிறவரிடம்தான் இருக்கிறது.

எண்களைப் பிரிவு பிரிவாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று பட்டையாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் பிரிவு இடைவெளியும் இப்படித்தான். யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் 272 பீறிடல்களின் பதிவு, புள்ளியியல் கற்கும் எல்லோர் கையிலும் கிடைக்கிறது. ஒவ்வொரு பீறிடலும் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதன் சராசரி சுமார் 3.5. அந்தச் சராசரியை ஒற்றைப் பட்டையாக வரைந்தால் ஊற்றைப் பற்றித் தவறான செய்தியையே சொல்வோம். ஏனென்றால் பீறிடல்கள் பெரும்பாலும் 2 நிமிடத்தை ஒட்டியோ 4.5 நிமிடத்தை ஒட்டியோ முடிகின்றன. மூன்று நிமிடப் பக்கம் கிட்டத்தட்ட ஆளே இல்லை. பிரிவு இடைவெளியைக் கால் நிமிடமாக வைத்தால் இரண்டு குன்றுகளும் நடுவில் பள்ளமும் தெளிவாக எழும். இரண்டு நிமிடமாக வைத்தால் பள்ளம் மறைந்துவிடும். எத்தனை பிரிவு என்பதற்கு 1926இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் தந்த சூத்திரத்தை ஆர் என்ற புள்ளியியல் மொழி இன்றும் டீஃபால்ட்டாக வைத்திருக்கிறது. தரவு ஒற்றைக் குன்றாக, மணி வடிவில் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் கட்டிய சூத்திரம் அது. பத்து லட்சம் எண்களைக் கொடுத்தாலும் 21 பிரிவுதான் தரும். மேட்பிளாட்லிப்போ எண்கள் எத்தனை இருந்தாலும் பத்துப் பிரிவு போட்டு நிறுத்திக்கொள்கிறது. இடைவெளியை மாற்றி மாற்றி நாலைந்து முறை வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது.

நிறத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

2011இல் ஹார்வர்டில் மிஷெல் போர்க்கினும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இதயத் தமனிகளின் உட்சுவரில் இரத்தம் உரசிச் செல்லும் விசை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே கொழுப்புப் படிவு உருவாகும் வாய்ப்பு அதிகம். கணினி அந்த விசையைக் கணக்கிட்டு, தமனியின் முப்பரிமாணப் படத்தின்மேல் நிறமாகப் பூசித் தரும். பூசியது நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வானவில் வரிசை. ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி மருத்துவ மாணவர்களிடம் படங்களைக் கொடுத்தார்கள். வழக்கமான முப்பரிமாண வானவில் படத்தில் அவர்கள் கண்டுபிடித்தது 39 சதவீத இடங்களைத்தான். தமனியை விரித்துத் தட்டையாக வரைந்து, நிறத்தை மாற்றாமல் விட்டபோது 62 சதவீதம். தட்டையான படத்தில் வானவில்லையும் எடுத்துவிட்டு, கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் ஓடும் வேறொரு நிறவரிசையைப் போட்டபோது 91 சதவீதம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. ஒரே நோயாளி, ஒரே கணக்கீடு. நிறவரிசை என்ற ஒரு அமைப்பை மாற்றியதில் 62 என்பது 91 ஆகிறது.

வானவில்லில் என்ன கோளாறு? மனிதக் கண் நுணுக்கமான வடிவங்களைப் பிரித்தறிவது பெரும்பாலும் ஒளிர்வைக் கொண்டு, அதாவது எது வெளிச்சம், எது இருட்டு என்பதைக் கொண்டு. நிறச்சாயல் இரண்டாம் பட்சம். வானவில் வரிசையின் ஒளிர்வை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. அடர்நீலம் இருட்டு. அடுத்து வரும் வெளிர்நீலப் பகுதி திடீரென்று வெளிச்சம். மஞ்சள் பளிச்சென்று மின்னும். அதன்பின் சிவப்பு, கருஞ்சிவப்பு என்று மறுபடி இருள்கிறது. எண் சீராக ஏறிக்கொண்டிருக்க, கண்ணுக்குச் சேரும் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. விளைவுகள் மூன்று. மஞ்சள் விழும் இடத்தில், தரவில் எல்லை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு கோடு கிழித்தாற்போல் தெரியும். பச்சைப் பகுதி அகலமாக, ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிவதால் அங்கே உண்மையாகவே இருக்கும் மாற்றங்கள் புதைந்துபோகும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் மிகக் குறைந்த மதிப்பும் மிக உயர்ந்த மதிப்பும் ஒரே சாம்பலாகிவிடும்.

இதோடு நிறக்குருடு சேர்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சையைப் பிரித்தறிவதில் ஏதோ ஓர் அளவுக் குறை உண்டு. ஓர் அறிவியல் கட்டுரையை மூன்று ஆண்கள் மதிப்பிட்டால், அவர்களில் ஒருவருக்காவது அந்தக் குறை இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

இந்த வானவில் வரிசை எப்படி உலகம் முழுக்கப் பரவியது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேட்லேப் மென்பொருளில் இதற்கு ஜெட் என்று பெயர். அமெரிக்காவின் தேசிய சூப்பர்கணினி மையத்தில் செய்த, விண்வெளியில் பாயும் வாயுத் தாரை ஒன்றின் உருவகப்படுத்துதலோடு சேர்ந்து வந்த பெயர் அது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்த நிறவரிசை, மேட்லேப்பின் டீஃபால்ட் ஆனது. 2000களின் தொடக்கத்தில் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளைமேல் பதித்த மின்முனைகளின் பதிவுகளைப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டு, மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கினார். மேட்லேப்பில் பழகியவர்கள் சிரமமில்லாமல் மாறிக்கொள்ள வேண்டும் என்பதால் அதன் கட்டளைகளை ஒட்டியே எழுதினார். கட்டளைகளோடு ஜெட்டும் வந்து சேர்ந்தது. இலவசமாகக் கிடைத்த அந்த மென்பொருள் நூலகத்தைப் பல்லாயிரம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடல் ஆழமும் புரத அடர்த்தியும் நிலநடுக்க அலையும் ஜெட்டில் அச்சாயின. இதன் தீங்கைப் பற்றி 1990களிலிருந்தே காட்சிப்படுத்தல் அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் படங்கள் மாறவில்லை. அமைப்பைத் தொடாமல் விடுகிறவர்களுக்கு அறிவுரை எட்டுவதில்லை. மாற வேண்டியிருந்தது டீஃபால்ட்.

மேட்லேப் 2014இல் ஜெட்டைக் கைவிட்டு பாருலா என்ற வரிசைக்கு மாறியது. அதை எடுத்துப் பயன்படுத்த மேட்பிளாட்லிப் போன்ற திறமூல மென்பொருள்களுக்கு உரிமையில்லை. ஹன்டர் 2012இல் காலமாகியிருந்தார். ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நதானியேல் ஸ்மித் இருவரும் புதிய வரிசை ஒன்றை உருவாக்க முன்வந்தார்கள். இது அழகுணர்ச்சியின் விவகாரம் என்று அவர்கள் விடவில்லை. மனிதர்கள் இரண்டு நிறங்களை எவ்வளவு வேறாக உணர்கிறார்கள் என்பதை எண்ணாகச் சொல்லும் கணித மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த வெளியில் ஒரு பாதை போட வேண்டும். பாதையின் ஒவ்வொரு அடியும் கண்ணுக்குச் சம தூரமாகத் தெரிய வேண்டும். ஒளிர்வு ஒரே சீராக ஏற வேண்டும். கறுப்பு வெள்ளையிலும் வரிசை குலையக் கூடாது. நிறக்குருடு உள்ளவருக்கும் ஏறுமுகமாகவே தெரிய வேண்டும். பிறந்த வரிசைகளை ஏ, பி, சி, டி என்று பெயரிட்டு, பயனர்களின் கருத்துக்கு விட்டார்கள். அடர் ஊதாவில் தொடங்கி, நீலப்பச்சை வழியாக மஞ்சளில் முடியும் டி தேர்வானது. விரிடிஸ் என்ற பெயரில் 2015இல் நூலகத்துக்குள் வந்து, 2017 ஜனவரியில் மேட்பிளாட்லிப் 2.0 வெளியானபோது டீஃபால்ட் ஆனது. உரிமை எதுவும் கோராமல் பொதுவில் விட்டதால் ஆர் மொழிக்கும் பிற கருவிகளுக்கும் பரவியது. இன்று ஆய்விதழ்களைப் புரட்டினால் அந்த ஊதாவும் மஞ்சளும் கண்ணில் படாமல் இராது. ஒரே ஒரு டீஃபால்ட்டைப் பொறுப்போடு மாற்றியதால் இத்தனை ஆயிரம் படங்கள் நேர்மையாயின என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நல்ல டீஃபால்ட் கிடைத்துவிட்டதால் தேர்ந்தெடுக்கும் வேலை தீர்ந்துவிடவில்லை. விரிடிஸ், கீழிருந்து மேலே ஒரே திசையில் ஏறும் எண்களுக்கானது. மழையளவு, மக்கள் அடர்த்தி போன்றவை. சராசரியிலிருந்து எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று காட்ட வேண்டுமானால், நடுவில் வெள்ளையும் இரு பக்கமும் இரு நிறங்களுமாக விரியும் வரிசை தேவை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நாட்டின் வெப்பநிலை மாற்றம் சில இடங்களில் 1 டிகிரி குறைவு, சில இடங்களில் 3 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் −1 முதல் +3 வரையை எடுத்து, சரிபாதியில், அதாவது +1இல் வெள்ளையை வைக்கும். அரை டிகிரி சூடேறிய ஊர் நீலமாக, குளிர்ந்ததுபோல் தெரியும். படத்தின் செய்தியே தலைகீழாகிறது. எல்லைகளை −3, +3 என்று கையால் கொடுத்தால் வெள்ளை பூஜ்யத்தில் வந்து உட்காரும். கட்டளையில் இரண்டு எண்களைச் சேர்க்கும் வேலைதான்.

வானவில் எல்லா இடத்திலும் தவறு என்றும் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை டாப்ளர் ராடார் படத்தை இரவில் விழித்திருந்து பார்க்கும் மழைப் பிரியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தனித்தனிப் படிகளாக நிறங்கள் இருக்கும். அங்கே நிறம் மாறும் இடத்துக்குப் பொருள் உண்டு: எதிரொலியின் வலிமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியது என்று. பக்கத்தில் அளவுப் பட்டியும் இருக்கிறது. கண் தேடுவது சீரான ஏற்றத்தை அல்ல, சிவப்பு எங்கே இருக்கிறது என்பதை. ஜெட்டில், எல்லை இல்லாத இடத்தில் எல்லை தெரிந்ததுதான் குற்றம். இங்கே எல்லை வேண்டுமென்றே போட்டது.

2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த கருந்துளைப் படத்தையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கலாம். எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தில், சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கருந்துளை அது. ஆரஞ்சு வளையம் என்றே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிகள் பதிவு செய்தது 1.3 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலையை. அதற்கு நிறமே கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஆற்றல் என்ற எண் மட்டும் உண்டு. ஆரஞ்சு என்பது ஆய்வாளர்கள் கொடுத்த அமைப்பு. கறுப்பிலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, வெளிர்மஞ்சள் என்று ஒளிர்வு மட்டும் சீராக ஏறும்படி அதைத் தேர்ந்திருந்தார்கள். அந்தப் படமாக்கலில் பயன்பட்ட பைதான் கருவிகளில் ஹன்டரின் மேட்பிளாட்லிப்பும் உண்டு. வளையத்தின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிடப் பிரகாசமாக இருப்பதை யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். கீழே உள்ள பொருள் நம்மை நோக்கி ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் சுழன்று வருவதால் அதன் கதிர்வீச்சு கூடித் தெரிகிறது என்பது இயற்பியலாளர்களின் விளக்கம். ஜெட்டில் வரைந்திருந்தால் மிகப் பிரகாசமான அந்தப் பகுதி கருஞ்சிவப்பாகி, அதைவிட மங்கலான மஞ்சள் பகுதிகள் முன்னால் வந்து நின்றிருக்கும்.